சனிக்கிழமைச் சம்பளம்

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை. சேர்ந்து 9 வருடம் 2 மாதம் ஆகிறது. பிடித்தம் போக கையில் 38,000 ரூபாய் வருகிறது. என் கணவருக்கு 39. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர், ஐந்து வருடமாகச் சொந்தமாக 14 மெஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறார். எல்லாம் ஜாப் ஒர்க், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. நான் இரண்டு வருடமாகக் குழந்தைகளுக்கான நைட் டிரஸ் செய்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். மாதம் 130 செட், 52,000 ரூபாய்க்குப் போகிறது. 17,000 நிற்கிறது. பெங்களூரு, கொச்சி வரை பார்சல் போகிறது. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதைப் பார், இரண்டு பேரும் சேர்ந்தால் பெரிதாகப் பண்ணலாம் என்கிறார் கணவர். மாமியார், 'ஒருத்தராச்சும் மாசச் சம்பளத்துல இருக்கோணும்' என்கிறார். அவருக்கு வயது 67, இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம். வீட்டுக்கடன் இஎம்ஐ 21,400 உட்பட வீட்டுச் செலவு மாதம் 52,000. வங்கியில் டெபாசிட் 1.4 லட்சம் இருக்கிறது. ஆறு மாதக் கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் நாலரை மணிக்கு வந்துவிடுகிறாள், நான் வீட்டுக்கு வர ஏழரை ஆகிறது. கணவன், மனைவி இரண்டு பேருமே சொந்தத் தொழிலில் இருப்பது சரியா?

– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கடிதத்தை அப்புறம்தான் படித்தேன். முதலில் பார்த்தது உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டை. 25 வருட ஆடிட்டர் புத்தி, மாற மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 13, சனிக்கிழமை. உங்கள் கணக்கிலிருந்து கணவர் கணக்குக்கு 22,000 போகிறது. 24-ஆம் தேதி அதே 22,000 திரும்பி வருகிறது. அக்டோபர் 10-இல் நகைக்கடன் 85,000 உங்கள் கணக்கில் ஏறுகிறது. மறுநாள் சனிக்கிழமை, அது அப்படியே கணவர் கணக்குக்குப் போகிறது. தீபாவளி போனஸ் என்று புரிந்தது. ஜனவரி முடியும்வரை அந்தப் பணம் திரும்பவில்லை. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை 27 சனிக்கிழமைகள். அதில் ஒன்பது சனிக்கிழமைகளில் உங்கள் கணக்கிலிருந்து ஏதோ ஒரு தொகை பவர் டேபிளுக்குப் போயிருக்கிறது.

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பில் பாஸ் ஆனதோ இல்லையோ, டெய்லர் கையில் சாயங்காலம் பணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை அவர் அடுத்த தெருவில் வேறு பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பார். உங்கள் கணவருக்கு வாரச் சம்பளம் 58,000 வரை ஆகிறது. ஆர்டர் கொடுத்தவர் எழுபது, எண்பது நாள் கழித்துத்தான் தருகிறார். அந்த இடைவெளியை இதுவரை அடைத்துக்கொண்டிருப்பது வங்கியும் இல்லை, கந்துவட்டிக்காரரும் இல்லை. நீங்கள்தான். அந்த 14 மெஷினுக்கும் வட்டியில்லாத ஓவர்டிராஃப்ட் உங்கள் சம்பளக் கணக்கு.

அதனால் 'இரண்டு பேரும் சொந்தத் தொழிலில் இருக்கலாமா' என்ற கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. உங்கள் சம்பளம் நின்றுபோனால், உங்கள் நைட் டிரஸ் வியாபாரம் நடக்குமா என்பதை விட்டுத்தள்ளுங்கள், அவருடைய பவர் டேபிள் நடக்குமா?

எனக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2001-இல் நான் வேலையை விட்டு ஆபீஸ் போட்டபோது என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் மூன்று வருடம் ஆபீஸ் வாடகையில் பாதி அவள் சம்பளத்திலிருந்து போனது. 'நானே தனியாக நின்று வளர்த்த ஆபீஸ்' என்று வெகுகாலம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் அவள் சிரித்துக்கொண்டே பழைய பாஸ்புக்கை எடுத்து மேஜையில் வைத்தாள். அப்புறம் அப்படிச் சொல்வதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

உங்கள் வேலையின் மதிப்பு 38,000 என்று எழுதியிருக்கிறீர்கள். குறைத்துச் சொல்கிறீர்கள். உங்கள் பேசிக் 25,000. அதில் 12 சதவீதம், 3,000, உங்கள் பங்காகப் பிஎஃபில் சேர்கிறது. நிர்வாகமும் 3,000 போடுகிறது. கிராஜுவிட்டி வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், 26 நாள் மாதம் என்று கணக்கு. உங்களுக்கு வருடம் 14,400 ரூபாய், மாதத்துக்கு 1,200. மருத்துவமனையின் குரூப் மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் நீங்கள், கணவர், மகள், மாமியார் நான்கு பேரும் இருக்கிறீர்கள். இதைத் தனியாக வாங்கப் போனால், மாமியாரின் வயதையும் ஸ்டென்ட்டையும் வைத்து, என் கணக்குப்படி மாதம் 5,000-ஐ ஒட்டி வரும். எல்லாம் சேர்த்தால் 50,000. நீங்கள் விடப்போவது இந்த 50,000-ஐ.

இனி நைட் டிரஸ். செட் 400 ரூபாய், 130 செட், 52,000. துணி செட்டுக்கு 165, பேக்கிங் கூரியர் 70, விளம்பரம் மாதம் 4,500. மிச்சம் 16,950, நீங்கள் சொன்ன 17,000 சரிதான். ஆனால் தையல் கூலி என்று ஒரு வரியே உங்கள் நோட்டில் இல்லை. கணவரின் டேபிளில் ஓவர்லாக் அடித்து, பேட்லாக் அடித்து, செக்கிங்கும் அங்கேயே முடிந்துவிடுகிறது. வெளியில் கொடுத்தால் செட்டுக்கு 35 ரூபாயாவது கேட்பார்கள். 4,550 ரூபாய். அது அவர் லாபத்திலிருந்து போகிறது, உங்கள் லாபமாகத் தெரிகிறது. ஒரே வீடுதானே என்பீர்கள். வீட்டுக்கு ஒன்றுதான். ஆனால் எந்தத் தொழில் சம்பாதிக்கிறது, எது சாப்பிடுகிறது என்று தெரியாமல் வேலையை விடக் கூடாது இல்லையா? அடுத்த மாதத்திலிருந்து அவருக்குக் கூலி கொடுங்கள். பில் போட்டே கொடுங்கள்.

இன்னொன்று, இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். சரக்கு விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறீர்கள். அந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரைதான். மாநிலம் தாண்டிச் சரக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பெங்களூருக்கும் கொச்சிக்கும் பார்சல் போகிறதே! கணக்குப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவருக்கே இது தெரியவில்லை என்றால் மற்றவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவமனைக் கணக்கில் இந்தத் தலைவலி வராது. உடனே பதிவு எடுங்கள். ஆடைக்கு 5 சதவீதம். துணிக்குக் கட்டிய வரி போக மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகப் போகும். ஆக 17,000 இல்லை, 15,500.

கணவரின் கணக்கு: ஆகஸ்டில் 61,000 நின்றது. செப்டம்பரில் 22,000. அக்டோபரில் போனஸும் சேர்ந்து 9,000 கைநட்டம். நவம்பரில் 35,000, டிசம்பரில் 41,000, ஜனவரியில் 48,000. சராசரி 33,000. மெஷின் தேய்மானத்தை நான் கழிக்கவில்லை. கழித்தால் இன்னும் குறையும்.

இப்போது உங்கள் சம்பளத்தை எடுத்துவிட்டுக் கூட்டுங்கள். 33,000-மும் 15,500-மும் 48,500. செலவு 52,000, அதோடு இனிக் கையிலிருந்து கட்டவேண்டிய மெடிக்ளெய்ம் 5,000, ஆக 57,000. சராசரி மாதத்திலேயே 8,500 துண்டு விழுகிறது. அக்டோபர் மாதிரி ஒரு மாதம் வந்தால் 50,000 பக்கம் விழும். அந்த மாதம் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு 22,000 கேட்டு அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, உங்களிடமும் இருக்காது.

முழு நேரமும் பார்த்தால் 130 செட் 300 செட் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகலாம். ஆனால் எப்போது ஆகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இஎம்ஐ பிடிக்கும் தேதி மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

கணவனும் மனைவியும் சொந்தத் தொழில் செய்வதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் கணக்கு எழுதும் வீடுகளில் பாதி அப்படித்தான். பார்க்கவேண்டியது, இரண்டு தொழிலும் ஒரே நாளில் படுக்குமா என்பதைத்தான். என் கிளையண்ட் ஒருவர் ஏசி மெக்கானிக். பங்குனி தொடங்கி வைகாசி முடிய அவர் கையில் போன் நிற்காது. ஐப்பசி மழையில் ஆளைத் தேடினால் வீட்டில் இருப்பார். அவர் மனைவி முறுக்கு, அதிரசம், லட்டு ஆர்டர் எடுப்பவர். புரட்டாசிக் கடைசியிலிருந்து அடுப்பு அணையாது. அவர் சும்மா இருக்கும் மாதத்தில் இவர் சம்பாதிக்கிறார், இவருக்குச் சும்மா என்றால் அவருக்கு வேலை. இவர் டெலிவரிக்கு அவர்தான் வண்டி ஓட்டுவார். இரண்டு பேருக்குமே சம்பள ஸ்லிப் கிடையாது, ஆனால் அந்த வீட்டில் நகை அடகுக்குப் போய் நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டு நிலைமை வேறு. இரண்டு தொழிலும் ஒரே ஷெட், ஒரே மெஷின், ஒரே டெய்லர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோது சாயம் போட்டவர்கள் மட்டுமா படுத்தார்கள்? அட்டைப்பெட்டி செய்தவர், லேபிள் அடித்தவர், மெஸ் நடத்தியவர் வரைக்கும் படுத்தார்கள். 2022-இல் நூல் விலை ஏறியபோது ஊரே கடையடைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது, உங்கள் செப்டம்பர்க் கணக்கில் 61,000 எப்படி 22,000 ஆனது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? அன்றைக்கெல்லாம் உங்கள் மருத்துவமனை மாதக் கடைசியில் சம்பளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. நூல் விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நைட் டிரஸ் உள்நாட்டு வியாபாரம், அமெரிக்கா வரி போட்டால் எனக்கென்ன என்று நீங்கள் சொல்லலாம். விற்பனை பக்கம் அது உண்மைதான், அந்த அளவுக்கு நல்லதுதான். ஆனால் தயாரிப்பு முழுக்க அவர் கூரைக்கு அடியில் நடக்கிறது. அவருக்கு அவசர ஷிப்மென்ட் வந்தால் உங்கள் நைட் டிரஸ் கட்டிங் டேபிளிலேயே கிடக்கும், இப்போதே அப்படிக் கிடந்திருக்கும். அவர் டேபிளை மூடினால் உங்களுக்குத் தைக்க ஆளில்லை.

மாமியார் சொல்வதில் பாதி சரி என்று இதிலிருந்து தெரிந்திருக்கும். மீதிப் பாதியைப் பற்றி ஒரு கேள்வி. ஒருத்தர் மாசச் சம்பளத்தில் இருக்க வேண்டும் என்றால் அது ஏன் நீங்களாகவே இருக்க வேண்டும்? உங்கள் கணவர் சூப்பர்வைசராக இருந்தவர். இன்றைக்கு ஒரு நல்ல கம்பெனியில் புரொடக்ஷன் பக்கம் போனால், சராசரி 33,000-க்குக் குறைவாகவா கொடுப்பார்கள்? ஐந்து வருட உழைப்பு, அவர் மனசு ஒப்பாது, எனக்கும் தெரியும். மெஷினை விற்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தொழிலையும் ஒரே மேஜையில் வைத்து, எது மணிக்கு எவ்வளவு தருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். 'அவர் தொழில்' என்பது தொழில், 'உன் நைட்டி வியாபாரம்' என்பது சில்லறைச் செலவுக்கு என்று யாரும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டாம். பல வீடுகளில் அந்த முடிவை மனைவிதான் முதலில் எடுக்கிறார்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி வேறு ஒன்று. நீங்கள் அதை யோசிக்கவே இல்லை என்பது ஆச்சரியம்.

உங்கள் கையில் இரண்டு தொழில் இருக்கிறது. ஒன்று நைட் டிரஸ். இன்னொன்று கணக்கு. டாலி சாஃப்ட்வேரில் கணக்கு எழுதத் தெரியும், பிஎஃப், இஎஸ்ஐ கட்டத் தெரியும், டிடிஎஸ் தெரியும், மாநிலம் தாண்டும் விஷயத்தைத் தவிர ஜிஎஸ்டியும் தெரியும். திருப்பூரில் முழுநேரக் கணக்காளர் வைக்க வசதியில்லாத சின்ன யூனிட்டுகள் தெருவுக்கு நான்கு. காலையில் ஒரு யூனிட், மதியம் ஒரு யூனிட் என்று போய் எழுதிக் கொடுக்கும் பார்ட் டைம் கணக்காளர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் பக்கம் சின்ன யூனிட்டுக்கு மாதம் 3,000-லிருந்து 5,000 வரை கொடுக்கிறார்கள். ஐந்து யூனிட் பிடித்தால் 20,000. பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பாதி வேலையை வீட்டிலிருந்தே முடிக்கலாம்.

இதுவும் சொந்தத் தொழில்தான். ஆனால் ஆர்டரை நம்பிய தொழில் இல்லை. ஏற்றுமதி படுத்துவிட்ட மாதத்திலும் யூனிட் முதலாளி 11-ஆம் தேதி ஜிஎஸ்டிக்கு விற்பனை விவரம் போட்டாக வேண்டும், 15-ஆம் தேதி பிஎஃப் கட்டியாக வேண்டும், 20-ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். விற்பனை பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்று போட ஒரு ஆள் வேண்டும். டெய்லரை நிறுத்துவார்கள், கரண்ட் பில்லைத் தள்ளிப் போடுவார்கள். ரிட்டர்ன் போடுபவரை நிறுத்த மாட்டார்கள், அபராதம் ஏறும். என் ஆபீஸ் 2020-இல் மூடாமல் நின்றதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. யூனிட்டுக்கு யூனிட் தொழில் மாறட்டும்: ஒரு மளிகைக் கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஸ்கேன் சென்டர், ஒரு எம்பிராய்டரி யூனிட். ஐந்தும் பனியன் கம்பெனியாகப் பிடித்துவிடாதீர்கள்.

கணக்கில் 20,000, நைட் டிரஸில் 15,500, கணவரின் 33,000. 68,500. செலவு 57,000. அப்போது இரண்டு பேரும் சொந்தத் தொழிலில் இருக்கலாம் என்று நானே சொல்வேன்.

இதை இன்றைக்கே செய்ய வேண்டாம். இன்னும் பத்து மாதம் மருத்துவமனையில் இருங்கள். காரணம் பிஎஃபில் இருக்கும் பென்ஷன். அதற்குப் பத்து வருடச் சேவை வேண்டும், உங்களுக்குப் பத்து மாதம் குறைகிறது. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள் என்று யாராவது சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் விளிம்பில் நிற்காதீர்கள், முழுதாக முடியுங்கள். பாஸ்புக்கைத் திறந்து, நிர்வாகம் போடும் 3,000-இல் 1,250 பென்ஷன் பத்தியில் தனியாக ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு 58 வயதில் எவ்வளவு வரும் தெரியுமா? 15,000-ஐப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுங்கள். 2,143 ரூபாய். சிரிப்பு வரும் தொகைதான். ஆனால் பத்து மாதம் பொறுத்தால் ஆயுசுக்கும் வரும் தொகையை ஏன் விட வேண்டும்? எப்படியும் அந்தப் பத்து மாதம் உங்களுக்கு வேறு ஒன்றுக்குத் தேவை.

அது ஒத்திகை. அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து 38,000-ஐத் தொடாதீர்கள். சம்பளம் ஏறிய அன்றே வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள், அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டும் வேண்டாம், ஜிபேயும் வேண்டாம். இஎம்ஐ, மளிகை, ஸ்கூல் ஃபீஸ், மெடிக்ளெய்ம் எல்லாம் பவர் டேபிளிலிருந்தும் நைட் டிரஸிலிருந்தும் வரட்டும். ஆடித் தள்ளுபடி, ஒரு தீபாவளி போனஸ் இரண்டையும் இப்படியே கடந்து பாருங்கள். துண்டு விழும்போது அந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம், ஆனால் எடுத்த தேதியையும் காரணத்தையும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் 8,500 துண்டு விழுந்தால்கூடப் பத்து மாதத்தில் 2.95 லட்சம் மிஞ்சும். டெபாசிட்டோடு சேர்த்தால் 4.35 லட்சம். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதத்துக்கு 3.42 லட்சம் வேண்டும், அது தேறிவிடும். மூன்றாவது மாதமே அந்த நோட்டுப் பக்கம் நிறைந்துவிட்டால் பதிலும் கிடைத்துவிட்டது, எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியதில்லை.

இதே பத்து மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு யூனிட் கணக்கை எடுத்துப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளிவேலை கூடாது என்று ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்று படியுங்கள்.

கணவர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைச் சம்பளத்தை மனைவியின் சம்பளத்திலிருந்து பிரிக்க வேண்டும். கணக்குக் காட்டி முத்ரா திட்டத்தில் வங்கியில் ஒரு நடைமுறை மூலதன லிமிட் கேட்கட்டும். அதில் அடமானம் கேட்க மாட்டார்கள். வருமான வரி ரிட்டர்னில் வருமானத்தைக் குறைத்துக் காட்டும் பழக்கம் இருந்தால் இங்கேதான் இடிக்கும். 12 லட்சம் வரை புதிய முறையில் வரியே இல்லாதபோது எதற்குக் குறைக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அப்புறம், சிறு நிறுவனங்களுக்கு அரசு கொடுக்கும் உத்யம் பதிவு எண்ணை ஜாப் ஒர்க் பில்லில் பெரிதாக அச்சடிக்கச் சொல்லுங்கள். சிறு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் கொடுக்க வேண்டும், கெடு தாண்டி மார்ச் கடைசியிலும் பாக்கி நின்றால் அந்த வருடம் அதைச் செலவாக எழுத முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் விதி இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயம்தான், கொடுக்க வேண்டாம். எண் பில்லில் இருந்தால் போதும். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே அவர்களுக்கு போன் போட்டுத் திட்டுவார். நானும் திட்டியிருக்கிறேன்.

நீங்கள் சம்பளமில்லாமல் அவர் யூனிட்டிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நாள் முழுக்க வேலை செய்வீர்கள், எந்தக் காகிதத்திலும் உங்கள் பெயர் இருக்காது. நைட் டிரஸுக்கும் கணக்கு வேலைக்கும் உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் ரிட்டர்ன் போடுங்கள். நாளைக்கு வங்கியில் நிற்கும்போது சம்பள ஸ்லிப் இருக்காது, இரண்டு மூன்று வருட ரிட்டர்னைத்தான் கேட்பார்கள்.

மகளைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதக் கணக்கை முன்னால் வைத்துவிட்டு இதைக் கடைசியில் வைத்ததைப் பார்த்தால், இதுதான் உங்கள் முதல் காரணம் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் ஒன்று சொல்ல வேண்டும். முழுநேர நைட் டிரஸ் வியாபாரம் உங்களுக்கு நாலரை மணியைத் தராது. இரவு பத்தரைக்கு 'சிஸ்டர், சைஸ் மாத்தித் தருவீங்களா' என்று மெசேஜ் வரும், பதில் போடாவிட்டால் ஆர்டர் போய்விடும். வீட்டிலேயே இருப்பீர்கள், போனைப் பார்த்துக்கொண்டு. கணக்கு வேலையில் மாதத்தில் ஏழெட்டு நாள் நெருக்கும், மற்ற நாள் நாலு மணிக்குக் கடையைச் சாத்தலாம். பள்ளிக்கூட ஆபீஸ்களில் கணக்காளர் வேலை இருந்தாலும் விசாரியுங்கள். சம்பளம் கொஞ்சம் குறையும், மாமியார் கேட்கும் மாசச் சம்பளமும் கிடைக்கும், மகள் வரும் நேரத்துக்கு நீங்களும் வருவீர்கள்.

உங்கள் கணவருக்கு இருப்பது 10 லட்சத்துக்கு ஒரு பழைய ஆயுள் காப்பீட்டு பாலிசி மட்டும்தான். தொழில் கடனும் வீட்டுக்கடனும் இருக்கும் ஆளுக்கு இது பத்தாது. டெர்ம் பாலிசி எடுக்கும்போது 1874-ஆம் வருடத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று படிவத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால் அந்தப் பணம் உங்களுக்கும் மகளுக்கும்தான், தொழிலில் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது. நீங்களும் ஒன்று எடுங்கள். வேலையில் இருக்கும்வரை பிஎஃபோடு சேர்ந்து 7 லட்சம் வரை ஒரு காப்பீடு உங்களுக்கு இருக்கிறது, வேலையை விட்டால் அது போய்விடும்.

பத்து மாதம் காத்திருக்கக் கூடாத இன்னொரு வேலை, மெடிக்ளெய்ம். தனி பாலிசியில் முன்பே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடுவார்கள். அந்தக் கடிகாரம் பாலிசி எடுத்த அன்றுதான் ஓடத் தொடங்கும். குரூப் பாலிசி கையில் இருக்கும்போதே எடுத்தால், நீங்கள் வெளியே வரும் நாளில் பத்து மாதம் கழிந்திருக்கும். உங்கள் மூவருக்கும் ஒன்று, மாமியாருக்குத் தனியாக ஒன்று. குரூப் பாலிசி எந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறது என்று எச்ஆரிடம் இந்த வாரமே கேளுங்கள். அதே நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறினால், குரூப்பில் இருந்த காலத்தைக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். உடல்நிலையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், அதனால் வேலையில் இருக்கும்போதே கேட்பது நல்லது. படிவத்தில் மாமியாருக்கு ஸ்டென்ட் வைத்ததைத் தேதியோடு எழுதுங்கள். ஏஜென்ட் 'அதெல்லாம் எழுத வேண்டாம்மா, பிரீமியம் ஏறிடும்' என்பார். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.